திருட்டு உஸ்

“முதல்ல தெரிஞ்சது நல்லாருக்கா, இப்பத் தெரியறது நல்லாருக்கா?”

கேட்டுக்கொண்டே பின்னக்கா, நாற்காலியில் இருப்பவரின் மூக்கில் மாட்டிய சோதனைச் சட்டத்திலிருந்து ஒரு வில்லையை உருவி இன்னொன்றைச் செருகுகிறார். தோளுக்கும் காதுக்கும் நடுவே கைபேசி இடுங்கியிருக்கிறது. “இப்பத்தான் நல்லாருக்கு” என்கிறார் நாற்காலிக்காரர். “மொதல்ல வந்த சத்தம்தாங்க்கா நல்லாருந்துச்சு” என்கிறது கைபேசி. ஒருவருக்கு எழுத்து தெரியவில்லை. இன்னொருவருக்கு ஏதோ ஒரு மலைமேல் அடுப்பு பற்றவில்லை. பின்னக்கா இருவரையும் குழப்பிக்கொண்டதாக இதுவரை சரித்திரம் இல்லை. குழம்புவதெல்லாம் நாற்காலிக்காரர்கள்தான். “இன்னும் பத்து அடி அடிங்க” என்று அவர் கைபேசியில் சொன்னதைத் தனக்குச் சொன்னதாக நினைத்து, யாரை அடிப்பது என்று விழித்தவர்கள் உண்டு.

அந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் அவருக்கு முப்பத்தொரு வருட வேலை. முன்னறையில் கண் பார்ப்பதும் பின்னறையில் வில்லை தேய்ப்பதும் அவர்தான். தேய்க்கிற எந்திரம் பழையது, ஓட ஆரம்பித்தால் தெருமுனை வரை பல் கூசும். அவர் மட்டும் அதன் பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்து, தேய்ந்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். “காதுல பஞ்சு வச்சுக்கக்கூடாதா?” என்று முதலாளி கேட்டால், “பஞ்சு வச்சுக்கிட்டா போன் அடிக்கிறது யாருக்குக் கேக்கும்?” என்பார்.

பின்னக்கா என்று பெயர் வைத்தது அவர் இருபத்தெட்டு வருடமாக இருக்கும் மலையேற்றச் சங்கம். காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நடக்கும்போது எப்போதும் கடைசி ஆளாக, மூச்சு வாங்குகிறவர்களையும் முகம் சுளிக்கிறவர்களையும் தட்டிக்கொடுத்துக் கூட்டிக்கொண்டு பின்னால் வருவார், அதனால் பின்னக்கா என்பது ஒரு கட்சி. தோள்பையின் வாரில் எந்நேரமும் ஒரு ஸ்டவ் பின் குத்தியிருக்கும், அதனால் பின்னக்கா என்பது இன்னொரு கட்சி. அவரிடமே கேட்டால், “பேரு வச்சவனைத் தேடிக்கிட்டிருக்கேன். கெடச்சான்னா பின்னால ஒரு குத்து இருக்கு” என்பார். அது எந்தப் ‘பின்னால’ என்று விளக்க மாட்டார்.

அடுப்பைச் சொல்லாமல் அவரைச் சொல்லி முடியாது. இரண்டு கைக்குள் அடங்குகிற பித்தளைத் தொட்டி, அதன் விலாவில் ஒரு பம்ப், உச்சியில் பர்னர், பாத்திரம் வைக்க மடக்குகிற மூன்று கால். மண்ணெண்ணெயில் எரிவது. கல்யாணமான வருடம் ராணுவத்தில் கழித்த சாமான்கள் விற்கிற கடைக்குப் புதுத் தம்பதி கூடாரம் வாங்கப் போனார்கள், அடுப்போடு திரும்பினார்கள். “கூடாரம் இல்லாம தூங்கிடலாம். டீ இல்லாம எந்திரிக்க முடியாதுங்க” என்று அன்று பின்னக்கா வாதாடியதை அவருடைய வீட்டுக்காரர் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த முதல் பயணத்தில் இருவரும் ஒரு பாறையடியில் நனைந்தபடி உட்கார்ந்து ஏழு தடவை டீ குடித்தார்களாம். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று பின்னக்கா சொல்வார். எட்டாவது தடவைக்குச் சர்க்கரை இல்லை என்று வீட்டுக்காரர் சொல்வார்.

இந்த மாதிரி அடுப்பு சும்மா பற்றிவிடாது. பர்னருக்கு அடியில் இருக்கும் கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி முதலில் அதைச் சூடேற்ற வேண்டும். பிறகு பம்ப் அடித்தால் மண்ணெண்ணெய் ஆவியாக மேலே வரும். அப்போது தீக்குச்சி காட்டினால் நீலமாகப் பிடித்துக்கொள்ளும். நடுவில் எது பிசகினாலும் முரண்டுதான். என்ன பிசகு என்று மற்றவர்கள் அடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பின்னக்கா பார்க்கவே மாட்டார், கேட்பார். ‘உஸ்’ என்று தடிப்பாக, சீராக வந்தால் சௌக்கியம். ‘புஸ் புஸ்’ என்றால் சூடு போதவில்லை, இன்னொரு மூடி ஸ்பிரிட் ஊற்ற வேண்டும். ‘பொட் பொட்’ என்றால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஒரு சத்தமும் இல்லையென்றால் பர்னரின் துளை, அதாவது நாசில், அடைத்திருக்கிறது, பின்னால் குத்திவிட்டுப் பம்ப் அடித்தால் போதும்.

ஐந்தாவது ஒன்று இருக்கிறது. அதற்கு அவர் வைத்த பெயர் ‘திருட்டு உஸ்’. தொட்டியின் மூடியில் இருக்கும் வாஷர் நைந்துபோனால், மேலே போக வேண்டிய காற்று மூடி வழியாக நழுவும். ஊசி முனை போல மெலிதாக ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வரும். கூட மண்ணெண்ணெயும் கசியும். அது தெரியாமல் தீக்குச்சியைக் கொண்டுபோனால் அடுப்பே பற்றிக்கொள்ளும். “மத்ததெல்லாம் அடுப்போட சத்தம். இது மட்டும் திருடனோட சத்தம். மெதுவாத்தான் வருவான், மொத்தத்தையும் கொண்டுபோவான்” என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். இந்த ஐந்து சத்தங்களும் சங்கத்தின் பாஷையாகவே ஆகிவிட்டன. ஒருவருக்கு உடம்பு சரியில்லையென்றால்கூட, “இன்னிக்கு எனக்குப் புஸ் புஸ்ஸுங்க்கா” என்றுதான் சொல்வார்கள்.

வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு உலகத்தில் நடப்பதெல்லாம் மணி நிமிடமாகத்தான் பதியும். அடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், “ஆறு பத்துக்குப் பத்த வச்சேன், ஆறு பன்னெண்டுக்கு அணைஞ்சுது” என்பார். “சத்தம் எப்படிங்க இருந்துச்சு?” என்றால், “ரெண்டு நிமிஷம் இருந்துச்சு” என்பார். முப்பது வருடக் குடித்தனத்தில் மூட்டை சுமப்பது அவர், அடுப்பு மூட்டுவது இவர் என்று வேலை பிரிந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மலையில் விடியற்காலை பின்னக்காதான் முதலில் எழுவார். குளிரில் விரல் மரத்திருக்கும், ஸ்பிரிட் புட்டியின் மூடியைப் பல்லால் திருகித் திறப்பார். கூடாரங்களுக்குள் மற்றவர்கள் கம்பளிக்குள் கால் முடக்கிக் கிடப்பார்கள். முதலில் தீக்குச்சி கிழிகிற சத்தம், பிறகு பம்ப் அடிக்கிற சத்தம், பிறகு அந்த உஸ். அது வந்ததும் ஒவ்வொரு கூடாரத்திலிருந்தும் ஒரு பெருமூச்சு கேட்கும். இருபத்தாறு வருடம் அந்தச் சங்கத்துக்குப் பொழுது அப்படித்தான் விடிந்தது. முன்னிரவில் சண்டை போட்டுக்கொண்டு தூங்கியவர்கள் அந்தச் சத்தத்துக்கு எழுந்து, ஒரே டம்ளரில் ஆளுக்குப் பாதி குடித்திருக்கிறார்கள். அந்த நாட்களை நினைத்தால் பின்னக்கா, வில்லை துடைக்கிற துணியை எடுத்து, யாருடையதோ ஒரு கண்ணாடியை அவசியமில்லாமல் துடைப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் முழங்கால் தேய்ந்துபோயிற்று. கடைசிப் பயணத்தில் இறங்கும்போது பாதி வழியை உட்கார்ந்து உட்கார்ந்துதான் கடந்தார். “ஏறினது காலால, எறங்கினது வேற எதாலயோ” என்று அவரே கேலி செய்துகொண்டார். வீட்டுக்கு வந்து அடுப்பைத் துடைத்து உறையில் போட்டபோது அழுதார். பிறகுதான் இந்தத் தொலைபேசி வைத்தியம் ஆரம்பித்தது. மலைமேல் யாருக்கு அடுப்பு பற்றாவிட்டாலும் கடைக்கு அழைப்பு வரும். “நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். போனை அடுப்புகிட்ட வைங்க, நான் கேட்டுக்கறேன்” என்பார். கேட்டுவிட்டு மருந்து சொல்வார். முழங்கால்தான் கீழே இருக்கிறது, காது மேலேதான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். மலையோடு அவரைக் கட்டிப்போட்டிருந்தது அந்த ஒரு காதுதான்.

அந்தக் காதில்தான் கை வைத்தது காலம். வீட்டில் கொசு குறைந்துவிட்டது என்று ஒருநாள் சந்தோஷமாகச் சொன்னார். வீட்டுக்காரர் தடித்துச் சிவந்த தன் முழங்கையைக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள், அதோடு விட்டார்கள். போன மாதம் சங்கத்துச் செயலாளர் மலையிலிருந்து அழைத்தார். பின்னக்காவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. “சத்தமே இல்லையே. பின்னைக் குத்திட்டு நல்லா பம்ப் அடிங்க” என்றார். செயலாளர் அடித்தார், குச்சியைக் கிழித்தார், இடது புருவத்தில் பாதியைக் கொடுத்தார். ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது, செயலாளர் மீதிப் புருவத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். பின்னக்கா மட்டும் சிரிக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம், வீட்டுக்காரர் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து, உறையிலிருந்து தங்கள் அடுப்பை எடுத்தார். தொட்டியைக் காலி செய்துவிட்டு, திருட்டு உஸ் வரட்டும் என்று மூடியைக் கொஞ்சம் தளர்த்தினார். பம்ப் அடித்துக் காதை வைத்தார். அமைதியாக இருந்தது. விரலை வைத்தார். விரல் நுனியில் குளுகுளுவென்று காற்று பட்டது. மூடியை இறுக்கித் தளர்த்தி, மறுபடி இறுக்கித் தளர்த்தி, பத்துப் பன்னிரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் விரலுக்குத் தெரிந்தது காதுக்குத் தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்புறம் யார் அழைப்பார்கள்?

போன சனிக்கிழமை வீட்டுக்காரர் முதன்முறையாக அவர் இல்லாமல் சங்கத்தோடு மலைக்குப் புறப்பட்டார். “நீங்க போய்ட்டு வாங்க, நான் என்ன சின்னப் பிள்ளையா?” என்று பிடிவாதமாக அனுப்பி வைத்தது பின்னக்காதான். அடுப்பை நிரப்பிக் கொடுக்கும்போது வழக்கப்படி பம்ப் அடித்து, குனிந்து காதை வைத்தார். வீட்டுக்காரர் மூட்டையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துளி சோப்பு நுரையை மூடியில் தடவியிருந்தால் நுரையே சொல்லியிருக்கும். ஆனால் என்றும் இல்லாத திருநாளாக இன்றைக்கு ஏன் சோப்பு என்று அவர் கேட்பாரே. “ம், நல்லாருக்கு” என்று சொல்லி உறையைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் நாற்காலியில் முட்டைக்கடைக்காரர் இருந்தார். ஒரு கண்ணைக் கறுப்பு வில்லையால் மூடி, மறு கண்ணால் பலகையின் மூன்றாவது வரியோடு போராடிக்கொண்டிருந்தார். கைபேசி அடித்தது.

“நான்தாம்மா. நாலு பத்துக்கு இங்க வந்து சேர்ந்தோம். மூணு இருபதுலேர்ந்து மழை. ஆறு பேரும் தொப்பலா நனைஞ்சிட்டோம். விறகெல்லாம் ஈரம். செயலாளருக்குப் பல்லு தந்தியடிக்குது. அடுப்பு பத்தல.”

“எங்க இருக்கீங்க?”

“வனக்காவலர் குடிசையில. இந்த ஜன்னல்கிட்ட மட்டுந்தான் சிக்னல் வருது. அடுப்பை ஜன்னல் திண்டுலயே வச்சிருக்கேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், எல்லாரும் இருக்காங்க.”

“அக்கா, காப்பாத்துங்க்கா! இன்னொரு புருவம் இருக்கு!” என்று செயலாளரின் குரல் நடுங்கிக்கொண்டே சிரித்தது.

“ஸ்பிரிட் ஊத்தி சூடு பண்ணீங்களா?”

“பண்ணேன். நாலு இருபத்தொண்ணுலேர்ந்து இருபத்திநாலு வரைக்கும். பம்பும் அடிச்சாச்சு. இந்தா, கேளு.”

பின்னக்கா கண்ணை மூடிக்கொண்டார். மழை கேட்டது. யாரோ இருமியது கேட்டது. தகரக் கூரையில் தண்ணீர் விழுவது கேட்டது. அடுப்பிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. சத்தமில்லை என்றால் அடைப்பு, பின்னைக் குத்திப் பம்ப் அடிக்கச் சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் மூடியை இறுக்கித் தளர்த்திய அந்தச் சாயங்காலம் அவருக்கு உறைத்தது. பன்னிரண்டு தடவை திருகினால் பழைய வாஷர் என்னத்துக்கு ஆகும்? இது உண்மையான அமைதியா, தன் காதின் அமைதியா? கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. ஆனால் இத்தனை வருடத்தில், உங்களுக்கு என்ன கேட்கிறது என்று அவர் ஒருவரிடமும் கேட்டதில்லை. அதைக் கேட்டால் அந்த ஆறு பேருக்கும் விஷயம் புரிந்துவிடும், திங்கட்கிழமைக்குள் சங்கம் முழுவதற்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் முழங்கால் வலிக்கிற ஒரு கண்ணாடிக்கடை அம்மாள், அவ்வளவுதான்.

“என்னம்மா, குத்தவா? குச்சியைக் கிழிக்கவா?”

“கிழிக்காதீங்க!” என்று கத்தினார். முட்டைக்கடைக்காரர் கையிலிருந்த ரசீதைக் கீழே போட்டுவிட்டார். “யாரும் குச்சி கிழிக்காதீங்க. தள்ளி நில்லுங்க.”

“ஏன்? என்ன கேக்குது?”

“எனக்குக் கேக்கலைங்க.”

“சிக்னல் விட்டு விட்டு வருதா?”

“சிக்னல் நல்லாத்தான் இருக்கு. என் காதுதான் போச்சு.” சொல்லிவிட்டார். குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. “கொஞ்ச நாளாவே சன்னமான சத்தம் எதுவும் எனக்குக் கேக்கறதில்லை. போன மாசம் அவர் புருவம் போனது என்னாலதான். இன்னிக்குக் காலையில உங்ககிட்ட நல்லாருக்குன்னு சொன்னதும் கேட்டுச் சொல்லலை, சும்மா சொன்னேன். நீங்கதான் கேட்டுச் சொல்லணும். மேலேர்ந்து வருதா, கீழேர்ந்து வருதா?”

முட்டைக்கடைக்காரர் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் பின்னக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இரு” என்றார் வீட்டுக்காரர். பிறகு ரொம்ப நேரம் கழித்து, மணி சொல்லாமல், “ஒண்ணு கேக்குது” என்றார்.

“மூடிமேல கட்டைவிரலை அழுத்தி வைங்க. வச்சாச்சா? இப்ப எடுங்க. விரல் வச்சப்ப கேட்டுச்சா, எடுத்தப்ப கேட்டுச்சா?”

“எடுத்தப்ப. வச்சா நின்னுடுது. ரொம்ப மெல்லிசா இருக்கு. கொசு மாதிரி.”

“அதான் திருட்டு உஸ்” என்றார் பின்னக்கா. அழுகையும் ஆத்திரமும் போய் அவருக்குள் பழைய ஆள் எழுந்து உட்கார்ந்தார். “மூடியை மெதுவா தளர்த்தி காத்தை எறக்குங்க. இப்ப முழுசா கழட்டுங்க. உள்ள கறுப்பா ஒரு வாஷர் இருக்கும், ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருக்கும். தெரியுதா?”

“தெரியுது.”

“அதைத் திருப்பிப் போட்டு மூடுங்க. ஒரே திருகு, இறுக்கமா. என்னை மாதிரி போட்டுத் திருகிக்கிட்டே இருக்காதீங்க. வழிஞ்சிருக்கற எண்ணெயை ஒரு பொட்டு இல்லாம துடைங்க. துடைச்ச துணியை வெளிய போடுங்க. சோப்பு இருந்தா நுரையைத் தடவிப் பாருங்க. முட்டை விடக்கூடாது.”

“யாரு, நானா?” என்றார் முட்டைக்கடைக்காரர்.

“நீங்க இருங்கண்ணே.”

நுரையில் முட்டை வரவில்லை என்று செய்தி வந்தது. ஸ்பிரிட் இரண்டு மூடி ஊற்றச் சொன்னார். அது எரிந்து தீருகிற நேரத்தில் பம்ப் அடிக்கச் சொன்னார். பத்து அடி, பிறகு பதினைந்து. முட்டைக்கடைக்காரரின் உதடும் கூடவே எண்ணியது. குச்சி கிழிகிற சத்தம் பின்னக்காவுக்கு நன்றாகவே கேட்டது. அதற்குப் பிறகு ஒரு நொடி எதுவும் இல்லை. அப்புறம் ஆறு பேர் ஒரே நேரத்தில் போட்ட கூச்சலில் கைபேசியே அதிர்ந்தது. “நீலம்க்கா! சுத்த நீலம்!” என்று செயலாளர் கத்தினார். “காதை விடுங்க்கா, அந்த மருந்து எங்களுக்கு எங்க தெரியும்? அடுத்த வாரமும் கூப்பிடுவோம், நாங்க கேட்டுச் சொல்றோம்” என்று யாரோ ஒரு பெண் சொன்னார்.

“பத்திக்கிச்சா?” என்று முட்டைக்கடைக்காரர் சைகையில் கேட்டார். பின்னக்கா தலையாட்டினார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கத் துணி பக்கத்திலேயே இருந்தும் எடுக்கவில்லை.

கூச்சல் அடங்கியது. அங்கே யாரோ பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினார்கள். வீட்டுக்காரர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டார் போலிருக்கிறது, அவருடைய குரல் கிட்டத்தில், தனியாக வந்தது.

“போனை அடுப்புகிட்ட வைக்கலாம்னுதான் பார்த்தேன்.”

“வேணாங்க. இந்த மழைச் சத்தத்துல வச்சாலும் எனக்குக் கேக்காது.”

“தெரியும்ல. அதான்.” தொண்டையைச் செருமினார். முப்பது வருடமாக மணியைத் தவிர எதையும் சொல்லத் தெரியாத அந்த மனிதர், ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, கைபேசியை வாயோடு சேர்த்து வைத்துக்கொண்டு, அடுப்பு எப்படிக் கேட்கிறது என்று தன் வாயாலேயே சத்தம் போட்டுக் காட்ட ஆரம்பித்தார். கரகரப்பாக, தடிப்பாக, சீராக, மூச்சு முட்டினால் நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும்.

பின்னக்கா எட்டி, மின்விசிறியை நிறுத்தினார்.